ஜட்காச் சந்தில் அறுபது கட்டில்

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஜட்காச் சந்து இருக்கிறது. முப்பத்தொரு வீடு, நாலு கடை, ஒரு லாட்ஜ். லாட்ஜுக்கு அலர்மேல் என்று பெயர். மூன்று தளம், தளத்துக்கு எட்டு அறை. கொரோனா வருஷத்தில் பூட்டியவர்கள் மறுபடி திறக்கவில்லை. மலைக்கு வரும் கூட்டம் பைபாஸ் ஓரத்துப் புது ஓட்டல்களுக்குப் பழகிவிட்டது. லாட்ஜ் மூடியதும் சந்தில் எல்லாம் குறைந்தது. டீக்கடை இரண்டில் ஒன்று போனது. பூ விற்கும் ரத்தினம்மா தினமும் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய வீதிக்குப் போக ஆரம்பித்தாள். பொழுது சாய்ந்தால் லாட்ஜ் வாசலில் குடிகாரர்கள் உட்கார ஆரம்பித்தார்கள்.

ருக்மணிக்குத்தான் அடி பலம். பதினோரு வருஷம் அந்த லாட்ஜின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் வாங்கி வந்து, தன் வீட்டு மெஷின்களில் துவைத்து, மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். நகரியில் விசைத்தறி வீட்டில் பிறந்தவள் என்பதால் ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்தே இன்னும் எத்தனை துவைப்பு தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அவள் கணவன் தணிகைவேல் எலக்ட்ரீஷியன். லாட்ஜில் பல்பு போனாலும் மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். லாட்ஜ் மூடியபின் இரண்டு மெஷினில் ஒன்றை விற்றார்கள். தணிகைவேல் ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தான். குடும்பம் ஓடத்தான் ஓடியது. ஆனால் ருக்மணிக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

சென்ற வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம், நர்ஸ் உடையில் ஒரு பெண் சந்துக்குள் வந்து வீடு வீடாக ஏதோ கேட்டுக்கொண்டு போனாள். ருக்மணி வாசலுக்கு வந்தபோது வாடகைக்கு அறை கிடைக்குமா என்றாள். பவ்யா என்று பெயர், ஊர் நாயுடுபேட்டை. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. தங்கியிருப்பது ஏழு கிலோமீட்டர் தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு ஹாஸ்டலில். சாயங்கால ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் தனியாகப் போகவேண்டியிருக்கிறது, அம்மா தினமும் போனில் அழுகிறாள் என்றாள். ருக்மணி தண்ணீர் கொடுத்தாள். பவ்யா குடித்துவிட்டு எதிரே இருந்த லாட்ஜை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தன ரூம் பூட்டியே கெடக்குதே ஆண்ட்டி. எங்க ஆஸ்பத்திரியில மட்டும் நாப்பது பேர் ரூம் தேடிக்கினு இருக்கோம்."

அவள் போன பிறகும் ருக்மணி அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்து வருஷமாகப் பூட்டிக் கிடப்பதைத் தினமும் பார்க்கும் கட்டடம்தான். அன்றைக்குத்தான் அதில் எத்தனை ஜன்னல் என்று எண்ணினாள்.

அந்த வார்டில் டுவாக்ரா என்கிற பெண்கள் சுயஉதவிச் சங்கங்கள் பன்னிரண்டு உண்டு. பன்னிரண்டும் சேர்ந்த கூட்டமைப்புக்கு முந்தின வருஷம்தான் ருக்மணியைத் தலைவியாக்கியிருந்தார்கள். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால். அதுவரை சங்கத்தில் வாங்கிய கடனெல்லாம் தனித்தனி ஆளுக்கு: ஒருத்திக்கு எருமை, ஒருத்திக்குத் தையல் மெஷின், ஒருத்திக்கு மகள் கல்யாணம். சந்துக்கென்று யாரும் கடன் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் ருக்மணி, லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்துப் பழுது பார்த்துப் பெண்கள் விடுதி நடத்தலாம் என்றாள்.  ரத்தினம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"குடிகாரப் பசங்க அங்க உக்காராம இருந்தா சரி. நான் கையெழுத்துப் போடறேன்."

வங்கி மேனேஜர் யாமினி சத்தியவேட்டுப் பக்கத்துப் பெண். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. ருக்மணி சொன்னதை முழுக்கக் கேட்டாள். இடையில் வந்த போனைக்கூட எடுக்கவில்லை. ஆனால் கேட்டு முடித்ததும் சொன்ன பதில் ருசிக்கவில்லை. கட்டடம் உங்களுடையது இல்லை, அடமானம் வைக்க ஒன்றுமில்லை, விடுதிக்கு ஆள் வரும் என்பதற்குச் சாட்சியும் இல்லை, இதற்கு நான் எப்படிப் பணம் கொடுப்பேன் என்றாள். ருக்மணி எழுந்திருக்கவில்லை. இதெல்லாம் இருந்தால் கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்டாள்.  யாமினி ஒரு பழைய சலானைத் திருப்பிப் போட்டு எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் வேண்டும். மொத்தச் செலவில் கால் பங்கு சங்கத்தின் கையிலிருந்து வரவேண்டும். தங்க வருகிறவர்கள் யார் என்று காட்டவேண்டும். கடைசியாக, தீயணைப்புத் துறையின் அனுமதி.

"நாலும் கொண்டாங்கம்மா. அப்புறம் மேலிடத்துல நான் பேசறேன்" என்றாள் யாமினி.

லாட்ஜின் சொந்தக்காரர் கோவர்த்தனன் சித்தூரில் கட்டமஞ்சியில் மகன் வீட்டோடு இருந்தார். அடுத்த வாரம் ருக்மணியும் ரத்தினம்மாவும் பஸ் ஏறினார்கள். மாம்பழக் காலம். வழியெல்லாம் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை வாசல்களில் வரிசை கட்டி நின்றன. பஸ் சித்தூர் போய்ச்சேர மத்தியானமாகிவிட்டது. கோவர்த்தனனுக்குப் பங்காருபாளையத்தில் தோப்பு இருந்தது. வந்தவர்களை உட்காரவைத்து முதலில் இரண்டு தட்டு நிறைய மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை வந்த விஷயத்தைக் கேட்கவில்லை.

கேட்ட பிறகு தலையை ஆட்டினார். பார்சல் கம்பெனிக்காரன் ஒருவன் கோடவுனுக்காக அந்தக் கட்டடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், விலை குறைவுதான், ஆனாலும் விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். வயது எழுபதை நெருங்கிவிட்டது. மாடி ஏறி இறங்கி அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள இனி முடியாது. மூன்றாவது மாடியில் ஈரம் ஊறி ஊறிச் சுவரே இற்றுவிட்டது, அதைச் சரி செய்யவே லட்சக்கணக்கில் ஆகும் என்றார்.

"அது மாடிச் செவுரு இல்ல சார்" என்றாள் ருக்மணி. "மழத்தண்ணி எறங்கற கொழாய் செவுருக்குள்ளயே ஒடஞ்சி கீது. முந்நூத்தி நாலு, எரநூத்தி நாலு, நூத்தி நாலு, மூணு ரூம் விரிப்புலயும் ஒரே எடத்துலதான் பூசனக் கறை வரும். கொழாய வெளிய எடுத்து வுட்டா போதும். பத்தாயிரத்துல முடிஞ்சிடும்."

கோவர்த்தனன் அவளையே பார்த்தார். லாட்ஜ் நடந்த காலத்தில் ஒரு மேனேஜர்கூட இதைத் தன்னிடம் சொன்னதில்லை என்றார். அப்போது உன்னை யாராவது கேட்டார்களா என்று ரத்தினம்மா ருக்மணியைக் கேட்டாள். யாரும் கேட்கவில்லை என்றாள் ருக்மணி. அதற்குமேல் பேச்சு வேறுமாதிரி போனது. எந்த அறையில் கதவு இடிக்கும், எந்தக் குளியலறையில் தண்ணீர் தேங்கும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். சாயங்காலம் நாலு மணிக்குப் பன்னிரண்டு வருஷக் குத்தகைக்குச் சம்மதித்தார். கட்டடத்தைப் பழுது பார்த்துத் தருவதால் முதல் ஒன்றரை வருஷத்துக்கு வாடகை வேண்டாம் என்றார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"நான் சாமி தரிசனத்துக்கு வந்தா எங்கம்மா தங்கறது? லேடீஸ் ஹாஸ்டல்ல என்ன உள்ள வுட மாட்டீங்களே."

"எங்க ஊட்ல தங்கிக்கோங்க சார். எதிர்தான" என்றாள் ருக்மணி.

திரும்பும் பஸ்ஸில் இருவர் மடியிலும் ஆளுக்கு ஒரு பை மாம்பழம்.

வங்கி அனுப்பிய இன்ஜினியர் இரண்டு நாள் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, மொத்தம் முப்பத்தாறு லட்சம் என்று கணக்குக் கொடுத்தார். கால் பங்கு என்றால் ஒன்பது லட்சம். பன்னிரண்டு சங்கத்துச் சேமிப்பிலிருந்து நாலு லட்சம் எடுக்கலாம் என்று முடிவு செய்ய மூன்று கூட்டம் ஆனது. அதில் ஒரு கூட்டத்தில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய், மழை பெய்ததால் திரும்பி உள்ளே வந்தார்கள். உழைப்பையும் பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று யாமினி சொன்னபோது தணிகைவேல் வயரிங் வேலை முழுக்கத் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தான். சங்கத்துக் குடும்பங்களில் இருந்த கொத்தனார், பெயின்டர் எல்லோரும் ஆளுக்கு இத்தனை நாள் என்று எழுதினார்கள். அது இரண்டு லட்சத்துக்கு வந்தது. இன்னும் மூன்று லட்சம் இடித்தது.

அதற்கு வழி சொன்னவள் பவ்யா. எந்த ஹாஸ்டலில் சேர்ந்தாலும் முன்பணம் கேட்பார்கள், அதை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அறுபது கட்டில், ஆளுக்கு ஐயாயிரம். இன்னும் திறக்காத விடுதிக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று ருக்மணி தயங்கினாள். கொடுக்கிறவர்கள் கட்டடத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும், பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகட்டும், மார்ச்சில் வரும் உகாதிக்குள் திறக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருவரும் பேசி முடித்தார்கள்.

ஆகஸ்ட் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வந்து பார்ப்பவர்களுக்காக லாட்ஜைத் திறந்துவைத்தார்கள். ஒட்டடை மட்டும்தான் அடித்திருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லி ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் பெண்கள் வந்தார்கள். ஏர்பேட்டிலிருந்து கல்லூரிக்கு வந்துபோகும் பெண்கள் ஐந்தாறு பேர், ஒருத்தியின் அப்பாவோடு வந்தார்கள். அவர் ஒவ்வொரு அறைத் தாழ்ப்பாளையும் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தார். எந்த அறை யாருக்கு என்று குழப்பம் வந்தபோது பவ்யா ஒரு சாக்பீஸை எடுத்து முந்நூற்றி இரண்டாம் எண் கதவில் தன் பெயரை எழுதினாள். அவ்வளவுதான். சமையலுக்கும் வார்டனுக்குமாக நாலு அறை போக, சாயங்காலத்துக்குள் மிச்ச இருபது கதவுகளிலும் மூன்று மூன்று பெயர்கள். சிலர் தமிழில், சிலர் தெலுங்கில், ஒருத்தி பெயரோடு பூவும் போட்டிருந்தாள். இடம் கிடைக்காத இருபத்திமூன்று பேர் தங்கள் போன் நம்பரைப் படிக்கட்டுச் சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள்.

ஒன்பது நாளில் மூன்று லட்சம் கணக்கில் ஏறியது. பத்தாவது நாள் யாமினி தானாகவே சந்துக்கு வந்தாள். மூன்று தளமும் ஏறி ஒவ்வொரு கதவாக நின்று படித்தாள். போனில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டாள். கீழே இறங்கி வந்தபோது அவள் முகம் மேனேஜர் முகமாக இல்லை.

"நானும் வேலைக்குச் சேந்த புதுசுல கடப்பாவுல ரூம் கெடைக்காம ரெண்டு மாசம் அலைஞ்சேன்" என்றாள். "மூணு ஆச்சு. ஃபயர் பர்மிஷன் ஒண்ணு வாங்கிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தீயணைப்பு அதிகாரி வந்து டேப் பிடித்து அளந்தார். கட்டடத்தில் குறை ஒன்றும் பெரிதாக இல்லை; பின்பக்கம் ஓர் இரும்புப் படிக்கட்டு போட்டால் போதும். தொந்தரவு சந்தில்தான். தங்களிடம் இருக்கும் சின்ன வண்டியே ஏழரை அடி அகலம், அது லாட்ஜ் வாசல்வரை வராவிட்டால் அறுபது பெண்களை உள்ளே வைக்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சந்து ஒன்றும் இயற்கையாகக் குறுகலானது இல்லை. முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் சாக்கடைமேல் படி கட்டி, படிக்குமேல் இன்னொரு படி கட்டி, ஸ்கூட்டர் ஏற்றச் சரிவு கட்டி, ஆளுக்கு இரண்டடி வெளியே வந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே ருக்மணி தன் வீட்டுப் படியை இடிக்கச் சொன்னாள். போன வருஷம்தான் டைல்ஸ் ஒட்டிய படி என்று தணிகைவேல் கொஞ்சம் முணுமுணுத்தான். பிறகு அவனே சுத்தியலை எடுத்தான். மறுநாள் ரத்தினம்மா வீடு. அதற்கடுத்த நாள் ஆறு வீடு. பத்து நாளில் சந்தில் ஒரு வீட்டுக்கும் படி இல்லை. ஸ்டூல் போட்டு ஏறினார்கள், செங்கல் அடுக்கி ஏறினார்கள், ஒரு வீட்டில் அலுமினிய ஏணியே சாத்தியிருந்தது. விருந்தாளி வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் கைகொடுத்துத் தூக்கினார்கள். இதில் சண்டை வரும் என்று ருக்மணி பயந்துகொண்டிருந்தாள். வந்தது சிரிப்புதான். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் எப்படி ஏறுகிறார் என்று பார்க்கவே பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். நகராட்சி ஆட்கள் வந்து சாக்கடைமேல் பலகைக்கல் போட்டு மூடினார்கள்.

இடிக்காமல் நின்றது ஒன்றே ஒன்று. சந்து வளையும் இடத்தில் இருந்த வேதாச்சலத்தின் பலகாரக் கடை மேடை. நாலடி வெளியே நீட்டிக்கொண்டு, அடுப்பும் எண்ணெய்ச் சட்டியுமாக அது நின்றது. வேதாச்சலம் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

"அடுப்பு உள்ள போனா வாசன வெளிய வராது ருக்மணி. வாசன வரலன்னா எவன் நின்னு துன்னுவான்?"

லாட்ஜின் கீழ்த்தளத்தில் முன்பு ரிசப்ஷன் இருந்த அறைக்குத் தெருப்பக்கம் பெரிய ஜன்னல் இருக்கிறது, அதில் கடை போட்டுக்கொள்ளுங்கள் என்று ருக்மணி சொல்லிப் பார்த்தாள். சும்மா இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வாடகை கொடுத்து எதற்குப் போகவேண்டும் என்று கேட்டார். இரண்டு முறை போனாள், மூன்று முறை போனாள். அவர் ஒவ்வொரு முறையும் இரண்டு வடையை இலையில் வைத்துக் கொடுத்து அனுப்பினார்.

அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியையே கொண்டுவந்து பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வந்தால் வந்தது என்று எழுதுவேன், வராவிட்டால் வராது என்று எழுதுவேன் என்றார். ஏழு மணிக்குச் சந்துக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். இரவு ஷிப்ட் முடிந்து பவ்யாவும் பத்துப் பதினைந்து நர்ஸ்களும் நேராக வந்து நின்றார்கள். சிவப்பு வண்டி முனையில் திரும்பி உள்ளே நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டு அழகாக வந்தது. வளைவில் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்பக்கம் வேதாச்சலத்தின் மேடையில் முட்டியது. பின்னால் எடுக்கப் பார்த்தார். பின்படி எதிரே இருந்த மின்கம்பத்தில் மாட்டிக்கொண்டது. வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

அதிகாரி இறங்கிச் சுற்றிப் பார்த்தார். அரசாங்க வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் தான்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். தீயணைப்பு நிலையத்தில் இன்னொரு வண்டி இருக்கிறது என்பதால் அவருக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. ஆனால் முகம் கடுகடுவென்று இருந்தது. ருக்மணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. நாலு மாத அலைச்சலும் அந்த மேடை முனையில் வந்து நின்றுவிட்டது என்று நினைத்தாள்.

இதற்கிடையில் ஜட்காச் சந்தில் தீயணைப்பு வண்டி மாட்டிக்கொண்டது என்ற சேதி ரயில் ஸ்டேஷன்வரை போய்விட்டது. ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ரயிலிலிருந்து இறங்கிய பக்தர்கள் மூட்டையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். மொட்டையடித்த ஒரு குடும்பம் பிள்ளைகளை வண்டிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் டிரைவருக்கு ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வந்தவர்கள் எல்லோரும் வேதாச்சலத்தின் கடை வாசலில்தான் நிற்கவேண்டியிருந்தது. வேறு இடமே இல்லை. நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. மசால் வடை போய்விட்டது. போண்டா போய்விட்டது. வேதாச்சலம் புதிதாக மாவு கரைத்தார். அதுவும் ஒன்பது மணிக்குத் தீர்ந்தது. தீயணைப்புக்காரர்கள் வண்டியிலிருந்தே கைநீட்டி வாங்கித் தின்றார்கள். கடைசியில் அதிகாரிகூட ஒரு வடை எடுத்துக்கொண்டார். பத்து மணிக்குக் கடையில் மாவும் இல்லை, எண்ணெயும் இல்லை. லாட்ஜ் மூடிய நாளிலிருந்து வேதாச்சலம் அப்படி ஒரு காலை வியாபாரம் பார்த்ததில்லை.

அவர் அடுப்பை அணைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ருக்மணியிடம் வந்தார்.

"உன் ஹாஸ்டல் பொண்ணுங்க காலைல இன்னா துன்னுவாங்க?"

"இட்லி, பொங்கல். கூட நீங்க போடற வடை."

"அறுபது பேருமா? தெனமும்?"

"தெனமும்ணா. பாக்க வர்ற அப்பா அம்மா வேற."

வேதாச்சலம் லாட்ஜ் பக்கம் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பவர்போல மூக்கைத் தூக்கினார்.

"அந்த ரூம்புக்கு வாடகை எவ்ளோன்னு சொன்ன?"

"மூவாயிரம்."

"ரெண்டாயிரத்து ஐநூறு. அதுக்கு மேல ஒரு பைசா இல்ல."

"சரிண்ணா."

"கடப்பாற யார் ஊட்ல கீது?"

எல்லோர் வீட்டிலும் இருந்தது. படி இடித்த வீடுகள் அல்லவா. எட்டுப் பத்துக் கடப்பாறைகள் வந்து சேர்ந்தன. முதல் குத்தை வேதாச்சலமே குத்தினார். பிறகு தணிகைவேலும் தீயணைப்புக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அரைமணி நேரத்தில் மேடை தெருவோடு தெருவாகிவிட்டது. டிரைவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி மெல்ல முன்னால் நகர்ந்து, வளைவைக் கடந்து, அலர்மேல் லாட்ஜ் வாசலில் போய் நின்றது. சந்து முழுக்கக் கைதட்டியது. டிரைவர் சந்தோஷத்தில் ஒருமுறை சைரனை அடித்துவிட்டு, அதிகாரியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ரத்தினம்மா கூடையில் மிச்சமிருந்த சாமந்திச் சரத்தை வண்டியின் முகப்பில் கட்டினாள். வேண்டாம்மா என்று அதிகாரி சொன்னார், ஆனால் அவிழ்க்கவில்லை. அப்படியே தீயணைப்பு நிலையத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

கையெழுத்து நாலு நாளில் வந்தது. இருபத்தேழு லட்சத்துக்கு அனுமதி வர இன்னும் ஒரு மாதம். யாமினி போனில் சொன்னபோது ருக்மணி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். சத்தத்தில் காது கேட்காமல் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். மூன்றாவது முறையும் கேட்டாள், அது சந்தோஷத்துக்காக.

வேலை நாலு மாதம் நடந்தது. தணிகைவேல் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மூன்று தளத்துக்கும் வயர் இழுத்தான். நூற்றி நாலாம் அறைச் சுவரை உடைத்துப் பார்த்தபோது குழாய் ருக்மணி சொன்ன இடத்தில்தான் உடைந்திருந்தது. அவன் அதைப் படம் எடுத்துச் சித்தூருக்கு அனுப்பினான். கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பெண்கள் வந்து தங்கள் சாக்பீஸ் பெயர்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். செலவு இரண்டு இடத்தில் மீறியது. ஓர் இடத்தில் மிஞ்சியது. விரிப்பும் தலையணை உறையும் நகரியில் அண்ணன் தறியில் ருக்மணியே நெய்யச் சொல்லி வாங்கிவந்தாள். துவைக்க இன்னொரு மெஷின் வாங்கினாள்.

உகாதிக்குப் பத்து நாள் முன்னால், ஒரு புதன்கிழமை விடுதியைத் திறந்தார்கள். கோவர்த்தனன் முந்தின நாளே வந்து ருக்மணி வீட்டில் தங்கினார். புதிதாகக் கட்டிய ஒற்றைப் படியில் ஏறி உள்ளே போய், மூன்றாவது மாடிவரை மூச்சு வாங்க ஏறி, அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. யாமினி வங்கி ஆட்களோடு வந்து ரிப்பன் வெட்ட மறுத்தாள், பவ்யாதான் வெட்டினாள். நாயுடுபேட்டையிலிருந்து வந்திருந்த அவள் அம்மா கட்டில் மெத்தையை அழுத்திப் பார்த்து, ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்து, கடைசியில் ருக்மணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  ரத்தினம்மாவுக்கு அன்று அறுபது முழம் மல்லிகை சந்துக்குள்ளேயே விற்றது. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. குடிகாரர்கள் இருவர் வழக்கம்போல வந்து, வெளிச்சத்தையும் வாட்ச்மேனையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறேகால் மணிக்கு ருக்மணியின் போன் அடித்தது. வார்டன் பேசினாள். தண்ணீர் நின்றுவிட்டதாம். ருக்மணி தலையை முடிந்துகொண்டு ஓடினாள். மூன்று தளத்திலும் பெண்கள் தலையில் சீயக்காயும் ஷாம்பு நுரையுமாக, துண்டைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை அறுபது பேரும் ஒரே நேரத்தில் தலைக்குக் குளிப்பார்கள் என்பதை இன்ஜினியரும் யோசிக்கவில்லை, வங்கியும் யோசிக்கவில்லை, ருக்மணியும் யோசிக்கவில்லை. ஏழு மணி ஷிப்டுக்குப் போகவேண்டிய பவ்யா ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு, ஆண்ட்டி, எரியுது என்றாள்.

வேதாச்சலம் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் தன் வீட்டு மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பை இழுத்துவந்து வாசலில் கொடுத்தார். எதிர்வீட்டிலிருந்து ஒரு பைப், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பைப். மற்ற வீட்டுப் பெண்கள் வாளி வாளியாக நிரப்பிப் படிக்கட்டில் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். ருக்மணி நடுப்படியில் நின்று வாங்கி வாங்கிக் கொடுத்தாள். புடவை முழங்கால்வரை நனைந்துவிட்டது. மேலேயிருந்து யாரோ ஒரு பெண் பாட ஆரம்பித்தாள், கீழேயிருந்து யாரோ சிரித்தார்கள். ஏழு மணிக்கு ஷிப்டுக்காரர்கள் ஈரத் தலையோடு வடையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

தணிகைவேல் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தான். இன்னொரு டேங்க் போடவேண்டும், இப்போதே சொன்னால் மத்தியானத்துக்குள் கடையிலிருந்து கொண்டுவந்துவிடுவேன் என்றான்.

"போட்டுடு" என்றாள் ருக்மணி.

"எத்தன லிட்டர்து?"

அவள் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே மேலே பார்த்தாள். இரண்டாவது மாடி வராந்தாவில் நாலைந்து பேர் தலையைக் கவிழ்த்துக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"கடையில இருக்கறதுலயே பெருசா பாத்து எடுத்துக்கினு வா" என்றாள்.